சென்னையிலேருந்து டொராண்டோ: எவ்ளோ தூரம், எத்தனை மணி நேரம், முதல் தடவ போறவங்க எப்படி கணக்கு போடணும்

டொராண்டோவோட கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவுல எங்க பில்டிங்ல மட்டும் வருஷத்துக்கு நாலஞ்சு அம்மா அப்பாங்க ஊர்லேருந்து முதல் தடவயா வர்றாங்க, ஒவ்வொரு தடவையும் எங்கிட்ட வர்ற முதல் கேள்வி ஒண்ணேதான், "மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?" இதுக்கு ஒருத்தர் 18ன்னு சொல்வார், இன்னொருத்தர் 22ன்னு சொல்வார், டிக்கெட்ட பாத்தா காலைல 4 மணிக்கு கிளம்பி சாயந்திரம் 4 மணிக்கு போய் சேர்ற மாதிரி போட்டிருக்கும், கடைசில வீட்ல இருக்குற பெரியவங்களுக்கு பயம்தான் மிச்சம். எங்க அம்மாவ கும்பகோணத்துலேருந்து தனியா வரவச்சப்ப நானும் இதே குழப்பத்துல உக்காந்து பேப்பர் பேனாவோட ஒவ்வொண்ணா கணக்கு போட்டேன், அந்த கணக்கதான் இங்க எழுதறேன், இதே முறைல நீங்க எந்த ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் போட்டுக்கலாம்.

அவசரமா விடை மட்டும் வேணும்ங்கறவங்களுக்கு மொதல்ல சொல்லிடறேன். சென்னை டு டொராண்டோ நேர் தூரம் சுமார் 13,400 கிலோமீட்டர். நேரா போற ஃப்ளைட் கிடையாது, எங்கயாவது ஒரு இடத்துல இறங்கி மாறணும். வானத்துல பறக்குற நேரம் மட்டும் கிட்டத்தட்ட 18லேருந்து 19 மணி நேரம். நடுவுல காத்திருக்கறதயும் சேத்தா 21லேருந்து 26. வீட்டு வாசல்லேருந்து வீட்டு வாசல் வரைக்கும்னா 30 மணி நேரத்துக்கு கம்மியா யாரும் நினைக்காதீங்க, நீங்க சென்னைல இல்லாம வெளியூர்ல இருந்தா 35 வரைக்கும் போகும்.

முதல் வேலை: எந்த ஏர்போர்ட்டுன்னு சரியா எழுதிக்கோங்க

இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா இங்கதான் பலபேர் தப்பு பண்றாங்க. ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் மூணெழுத்துல ஒரு கோடு (code) உண்டு, சென்னைக்கு எம்ஏஏ (MAA), மெட்ராஸ்ங்கற பழைய பேர்லேருந்து வந்தது. டொராண்டோவோட பெரிய ஏர்போர்ட் பியர்சன், அதோட கோடு ஒய்ஒய்இசட் (YYZ). இது டொராண்டோ ஊருக்குள்ள இல்ல, பக்கத்துல மிசிசாகாவுல இருக்கு. டொராண்டோவுக்குள்ளயே ஏரி ஓரமா தீவுல ஒரு குட்டி ஏர்போர்ட் இருக்கு, பேரு பில்லி பிஷப், கோடு ஒய்டிஇசட் (YTZ), ஒரு எழுத்துதான் வித்தியாசம், அங்க சின்ன ப்ளேன்தான் இறங்கும். அதே மாதிரி லண்டன் வழியா போறவங்க தேடறப்ப கவனமா இருங்க, ஒன்டாரியோ மாகாணத்துலயே லண்டன்னு ஒரு ஊரு இருக்கு, டொராண்டோவுலேருந்து கார்ல ரெண்டு மணி நேரம்தான், அதுக்கும் ஏர்போர்ட் இருக்கு. ஊர் பேர டைப் பண்ணாம கோட டைப் பண்ணி தேடுங்க, குழப்பமே வராது.

தூரத்த அளக்குறது எப்படி

சுவத்துல மாட்டியிருக்குற உலக மேப்ப பாத்தா சென்னைலேருந்து மேற்கால போய், அரபிக்கடல தாண்டி, ஆப்பிரிக்காவோட தலைய தாண்டி, அட்லாண்டிக் கடல தாண்டி டொராண்டோ போகணும்னு தோணும். அது தட்டையான மேப் பண்ற வேலை. பசங்களுக்கு வாங்கிக் குடுக்குற குளோப் வீட்ல இருந்தா எடுத்துக்கோங்க, ஒரு தையல் நூல சென்னை மேல ஒரு விரலால அழுத்தி, இன்னொரு முனைய டொராண்டோ மேல வச்சு, நல்லா இறுக்கி இழுத்துப் பாருங்க. நூல் மேற்கால போகாது, நேரா வடக்கால ஏறும்! டெல்லிக்கு கொஞ்சம் மேற்கால, அப்படியே இஸ்லாமாபாத் பக்கம், தஜிகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, நார்வேயோட வட மூலை, அதுக்கு மேல ஆர்க்டிக் கடல், அங்கேருந்து கிரீன்லாந்து மேல இறங்கி கியூபெக் வழியா டொராண்டோ. நான் முதல் தடவ இத பண்ணிப் பாத்தப்ப நூல் நழுவிடுச்சோன்னு நினைச்சு மூணு தடவ திருப்பி வச்சேன், அதேதான் வந்துச்சு. உருண்டையான பூமில ரெண்டு இடத்துக்கு நடுவுல இருக்குற குறுக்கு வழி இப்படித்தான் போகும்.

குளோப் இல்லாதவங்க கம்ப்யூட்டர்ல கூகுள் மேப்ஸ தொறந்து, சென்னை ஏர்போர்ட் மேல ரைட் கிளிக் பண்ணி தூரத்த அளக்குற ஆப்ஷன எடுத்து, அப்புறம் பியர்சன் ஏர்போர்ட் மேல கிளிக் பண்ணுங்க, அதே நேர் தூரம் வரும், கோடு மட்டும் வளைஞ்சு தெரியும், ஏன்னா மேப்தான் தட்டை. கிரேட் சர்க்கிள் மேப்பர்னு ஒரு சைட்டும் இருக்கு, ரெண்டு ஏர்போர்ட் கோடையும் நடுவுல ஒரு சின்ன இணைப்புக்குறி போட்டு, MAA-YYZ மாதிரி குடுத்தா போதும். சில சைட்ல மைல்ல வரும், சிலதுல நாட்டிகல் மைல்ல வரும், பாத்து குழம்பிடாதீங்க. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர். நம்ம 13,400 கிலோமீட்டர் மைல்ல சுமார் 8,300, நாட்டிகல் மைல்ல சுமார் 7,200. மூணும் ஒரே தூரம்தான்.

இது எவ்ளோ பெருசுன்னு புரியணும்னா பூமியோட மொத்த சுற்றளவு 40,000 கிலோமீட்டர், அதுல மூணுல ஒரு பங்கு நீங்க ஒரே நாள்ல கடக்கறீங்க. உலகத்துலயே நீளமான பயணிகள் ஃப்ளைட் சிங்கப்பூர் டு நியூயார்க், சுமார் 15,300 கிலோமீட்டர், நிக்காம 18 மணி நேரத்துக்கு மேல பறக்கும். அப்படி பாத்தா நம்ம ரூட்டுக்கும் நேர் ஃப்ளைட் விடற அளவுக்கு ப்ளேன் இருக்கு, ஆனா இன்னும் யாரும் விடல, அதனால மாறித்தான் போகணும்.

நேர் தூரம் வேற, நீங்க போற தூரம் வேற

இப்ப நடுவுல எங்க மாறறீங்களோ அத வச்சு ரெண்டு துண்டா கூட்டுங்க. நான் போட்ட கணக்கு இது. லண்டன் வழின்னா சென்னை டு ஹீத்ரோ சுமார் 8,235, அங்கேருந்து டொராண்டோ 5,710, மொத்தம் 13,945 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் வழின்னா 7,595 ப்ளஸ் 6,345, அதுவும் 13,940தான். துபாய் வழின்னா 2,930 ப்ளஸ் 11,080, மொத்தம் 14,010. டெல்லி வழின்னா 1,760 ப்ளஸ் 11,640, மொத்தம் 13,400, அதாவது நேர் தூரமே! நூல் டெல்லி பக்கமா போச்சுல்ல, அதனாலதான். ஆனா ஹாங்காங் வழியா கிழக்கு பக்கம் சுத்திப் போனீங்கன்னா 16,000 கிலோமீட்டருக்கு மேல போயிடும், டிக்கெட் விலை குறைவா காட்டுச்சுன்னு அத புக் பண்றதுக்கு முன்னாடி இத யோசிங்க.

பாருங்க, லண்டன், ஃபிராங்க்ஃபர்ட், துபாய் மூணுக்கும் நடுவுல வித்தியாசம் 70 கிலோமீட்டர்தான், ப்ளேனுக்கு அது அஞ்சு நிமிஷம். அதனால "எது கிட்டக்க"ன்னு யோசிச்சு நேரத்த வீணாக்காதீங்க, துண்டு எப்படி பிரியுதுங்கறதுதான் முக்கியம். துபாய் வழில முதல் துண்டு சின்னது, ரெண்டாவது துண்டு 14 மணி நேரம் ஒரே சீட்டு. ஐரோப்பா வழில 10லேருந்து 11, அப்புறம் 8லேருந்து 9. முட்டி வலி, இடுப்பு வலி இருக்குறவங்களுக்கு ரெண்டு சமமான துண்டா இருந்தா நல்லதுன்னு எனக்கு தோணுது, ஒரே மூச்சுல 14 மணி நேரம் ரொம்ப கஷ்டம். ஆனா தனியா வர்ற அம்மாவுக்கு துபாய், தோஹா, அபுதாபி மாதிரி இடத்துல தமிழ்லயோ மலையாளத்துலயோ பேச யாராவது கண்டிப்பா கிடைப்பாங்க, அந்த தைரியத்துக்காகவே நான் வளைகுடா வழிய எடுத்தேன்.

டெல்லி வழி பேப்பர்ல ரொம்ப குறுக்கு. ஆனா ஒரு சிக்கல் இருக்கு, அத நல்லா புரிஞ்சுக்கணும். நூல் போன பாதைல பாகிஸ்தானும் ரஷ்யாவும் இருக்கு. 2022 பிப்ரவரி கடைசிலேருந்து கனடா, ஐரோப்பிய ஏர்லைன்களுக்கு ரஷ்யா மேல பறக்க அனுமதி இல்ல. 2025 ஏப்ரல்லேருந்து இந்திய ஏர்லைன்களுக்கு பாகிஸ்தான் வான்வெளிய மூடிட்டாங்க. ஆக கனடா ஏர்லைனுக்கு ஒரு பக்கம் அடைப்பு, இந்திய ஏர்லைனுக்கு இன்னொரு பக்கம் அடைப்பு, ரெண்டு பேரும் சுத்தித்தான் போயாகணும். 2025ல டெல்லிலேருந்து வட அமெரிக்கா போற சில ஃப்ளைட்டுங்க வியன்னாவுல இறங்கி எரிபொருள் போட்டுக்கிட்டு போச்சு, நேர் ஃப்ளைட்டுன்னு வாங்குன டிக்கெட் நடுவுல ஒரு ஸ்டாப் ஆயிடுச்சு. வளைகுடா பக்கமும் இந்த தொல்லை வரும், 2025 ஜூன் 23ந் தேதி கத்தார் தன்னோட வான்வெளிய சில மணி நேரம் மூடினப்ப ஏகப்பட்ட பேர் அங்கங்க மாட்டிக்கிட்டாங்க. அதனால போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் போன நேரத்த வச்சு கணக்கு போடாதீங்க. ஃப்ளைட்ரேடார்24 மாதிரி ஆப்ல நீங்க எடுக்கப் போற ஃப்ளைட் நம்பர போட்டா, போன ஒரு வாரம் அது நெஜமா எத்தன மணிக்கு கிளம்பி எத்தன மணிக்கு இறங்குச்சுன்னு வரிசையா காட்டும், எந்த வழியா சுத்திப் போச்சுன்னு கோடும் தெரியும். ஏஜென்ட் சொல்றத விட இத நம்பலாம்.

தூரத்த மணி நேரமா மாத்தறது

பெரிய ஜெட் ப்ளேன் மேல போனப்புறம் மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர் வேகத்துல போகும். ஆனா ஏறறதுக்கும் இறங்கறதுக்கும் மெதுவாதான் போகும், ரன்வே வரைக்கும் ஊர்ந்து போற நேரமும் இருக்கு. அதனால நான் வச்சுக்கிட்ட சுலபமான கணக்கு, கிலோமீட்டர 850ஆல வகுத்து, அரை மணி நேரம் கூட்டிக்கோங்க. துபாய் டு டொராண்டோ 11,080, வகுத்தா 13, அரை மணி நேரம் சேத்தா 13:30. டிக்கெட்ல கிட்டத்தட்ட 14 போட்டிருக்கும். சென்னை டு ஹீத்ரோ 8,235, வகுத்தா 9:40, அரை மணி சேத்தா 10:10, டிக்கெட்ல 10:45லேருந்து 11 மணி நேரம் வரைக்கும் இருக்கும்.

அந்த மிச்சம் அரை மணி முக்கா மணி எங்க போச்சுன்னு கேப்பீங்க. அது காத்து. பூமிக்கு மேல 9லேருந்து 12 கிலோமீட்டர் உயரத்துல, அதாவது ப்ளேன் பறக்குற அதே உயரத்துல, மேற்குலேருந்து கிழக்கா ஒரு பெரிய காத்து ஆறு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கு, ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்வாங்க, குளிர்காலத்துல சில சமயம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்த தாண்டும். நீங்க இந்தியாலேருந்து கனடா வர்றப்ப அத எதுத்து வர்றீங்க, திரும்பிப் போறப்ப அது பின்னாடிலேருந்து தள்ளி விடுது. காவிரில தண்ணி ஓடறப்ப எதிர் நீச்சல் போட்டவங்களுக்கு இத விளக்கிச் சொல்லவே வேணாம். டொராண்டோ டு துபாய் திரும்பறப்ப 12:30, 12:45 மணி நேரத்துல முடிஞ்சிடும், வர்றப்ப 14. லண்டன் டு டொராண்டோ 8 மணி நேரம், திரும்பறப்ப 7. இந்த காத்தோட பலம் எவ்ளோன்னா 2020 பிப்ரவரில ஒரு புயல் நேரத்துல நியூயார்க்லேருந்து லண்டனுக்கு ஒரு 747 ப்ளேன் 4 மணி 56 நிமிஷத்துல போயிடுச்சு, சாதாரணமா ஆறரை ஏழு மணி நேரம் ஆகுற தூரம். ஆக "டொராண்டோ போறப்ப 14 மணி நேரம், திரும்பறப்ப 12:30 போட்டிருக்கே, தப்பா அடிச்சிட்டானா"ன்னு யாரும் பதற வேணாம். நம்ம கணக்குக்கு, மேற்கால போறப்ப அரை மணிலேருந்து முக்கா மணி கூட்டிக்கோங்க, கிழக்கால திரும்பறப்ப அதே அளவு கழிச்சுக்கோங்க, பெரும்பாலும் சரியா வரும்.

இன்னொண்ணு, டிக்கெட்ல இருக்குற நேரம் கேட்டுலேருந்து ப்ளேன் நகந்ததுலேருந்து அந்தப் பக்க கேட்டுல போய் நிக்கற வரைக்கும். ப்ளேனுக்குள்ள திரைல காட்டுற நேரம் பறக்குற நேரம் மட்டும். ரெண்டும் அரை மணி நேரம் வித்தியாசப்படும்.

கடிகாரம்தான் எல்லாரையும் ஏமாத்தும்

இத நிதானமா படிங்க. டிக்கெட்ல எப்பவும் அந்தந்த ஊர் நேரம்தான் போட்டிருக்கும். இந்தியாவும் டொராண்டோவும் கோடைல ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம், குளிர்ல பத்தரை மணி நேரம். இது ஏன் மாறுதுன்னா டொராண்டோவுல மார்ச் மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை திருப்பி பின்னாடி வைப்பாங்க. நம்ம ஊர்ல அந்த பழக்கம் இல்ல.

உதாரணத்துக்கு ஜூலைல டிக்கெட், சென்னைல காலைல 4:00 கிளம்பி டொராண்டோவுக்கு அதே தேதி சாயந்திரம் 4:00 போய் சேருதுன்னு வச்சுக்கோங்க. பாக்கறதுக்கு 12 மணி நேரம். அந்த 12ஓட ஒன்பதரைய கூட்டுங்க, 21 மணி 30 நிமிஷம், அதுதான் நெஜம். அதே டிக்கெட் ஜனவரின்னா 22:30. திரும்பறப்ப கழிக்கணும். டொராண்டோவுல திங்கக்கிழமை ராத்திரி 10:00 கிளம்பி சென்னைக்கு புதன்கிழமை விடியக்காலை 2:00 மணின்னு இருக்கும், பாக்கறதுக்கு 28 மணி நேரம், ஒன்பதரைய கழிச்சா 18:30தான். செவ்வாய்க்கிழமை எங்க போச்சுன்னு கேக்காதீங்க, அது வானத்துலயே முடிஞ்சிடும். டிக்கெட் ஓரத்துல சின்னதா கூட்டல் குறி போட்டு 1 அல்லது 2ன்னு இருந்தா அத்தன நாள் கழிச்சு இறங்கறீங்கன்னு அர்த்தம். சென்னைல கூப்பிட வர்றவங்களுக்கு தேதிய மட்டும் சொல்லாதீங்க, "செவ்வாய் ராத்திரி தூங்காம வா, புதன் விடியக்காலை"ன்னு சேத்து சொல்லுங்க, "புதன்கிழமை 2 மணி"ன்னு சொன்னா மத்தியானம் வந்து நிப்பாங்க, எங்க மாமா வந்து நின்னிருக்கார்.

மனக்கணக்கா மாத்தறதுக்கு ஒரு வழி, டொராண்டோ நேரத்துல பகல ராத்திரியா மாத்திட்டு கோடைல ரெண்டரை மணி நேரம், குளிர்ல ஒன்றரை மணி நேரம் கழிங்க. இங்க காலை 10ன்னா அங்க கோடைல ராத்திரி 7:30, குளிர்ல 8:30. அவ்ளோதான்.

எங்க அம்மாவுக்கு இது எதுவும் வேணாம்னு முடிவு பண்ணி ஒரு வேலை பண்ணேன். கைக்கடிகாரத்த வீடு வந்து சேர்ற வரைக்கும் மாத்தவே கூடாதுன்னு சொல்லிட்டேன், ஃபோன்ல நேரம் தானா மாறினா அத பாக்க வேணாம், கைல இருக்குறது எப்பவும் கும்பகோணம் நேரம். அப்புறம் ஒரு போஸ்ட்கார்டு அளவு அட்டைல பெரிய எழுத்துல, "கடிகாரம் 8:30 காட்டினா துபாய் இறங்கியாச்சு. 12:00 காட்டினா ரெண்டாவது ப்ளேன் ஏறணும். ராத்திரி 8:00 காட்டினா பிரஷர் மாத்திரை. ராத்திரி 2:00 காட்டினா டொராண்டோ"ன்னு தமிழ்ல எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பி, அண்ணன விட்டு பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட் கவருக்குள்ள வைக்கச் சொன்னேன். அம்மா அந்த அட்டைய 14 மணி நேரமும் கைலயே வச்சிருந்தாங்களாம், வந்து இறங்கறப்ப அது ஓரமெல்லாம் வியர்வைல நைஞ்சு போயிருந்துச்சு. தயவுசெஞ்சு இத உங்க வீட்லயும் பண்ணுங்க, ஒரு அஞ்சு நிமிஷ வேலை.

மாத்திரை விஷயம் மட்டும் டாக்டர கேக்காம எதுவும் பண்ணாதீங்க. மேற்கால வர்றப்ப அந்த நாள் ஒன்பதரை பத்தரை மணி நேரம் நீளமாயிடுது, இன்சுலின் போடறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி போய் எத்தன மணி நேரத்துக்கு ஒரு தடவ, எவ்ளோன்னு எழுதி வாங்கிக்கோங்க. மருந்து எல்லாம் சீட்டோட கைப்பைலதான் இருக்கணும், செக்-இன் பெட்டில போட்டா பெட்டி ஒரு நாள் லேட்டா வந்தா என்ன பண்ணுவீங்க?

நடுவுல எவ்ளோ நேரம் விடணும்

நான் முதல் தடவ வந்தப்ப பணம் மிச்சமாகும்னு ரெண்டு தனித்தனி டிக்கெட் வாங்கினேன், ஒரு ஏர்லைன்ல பாதி வழி, இன்னொரு ஏர்லைன்ல மீதி. முதல் ப்ளேன் ரெண்டு மணி நேரம் லேட், ஓடிப் போய் நின்னப்ப ரெண்டாவது ஏர்லைன்காரங்க கவுண்டர மூடிட்டாங்க, "நீங்க வரல, டிக்கெட் போச்சு"ன்னுட்டாங்க, முதல் ஏர்லைன்காரங்க "உங்கள இங்க கொண்டு வந்து விட்டதோட எங்க வேலை முடிஞ்சது"ன்னுட்டாங்க. தரைல 11 மணி நேரம் உக்காந்திருந்து, மிச்சம் பண்ணத விட மூணு மடங்கு காசு குடுத்து புது டிக்கெட் வாங்கினேன். தப்பு என்னோடதுதான், ரெண்டு பேர் மேலயும் சட்டப்படி எதுவும் இல்ல. ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல இருந்தா முதல் ஃப்ளைட் லேட்டானா அடுத்த ஃப்ளைட்டுல ஏத்தி விடறது அவங்க பொறுப்பு, பெட்டியும் சென்னைல போட்டா டொராண்டோவுலதான் எடுக்கணும். செக்-இன்ல பெட்டில ஒட்டற சீட்டுல கடைசி கோடு ஒய்ஒய்இசட்னு இருக்கான்னு நீங்களே கண்ணால பாத்துக்கோங்க.

ஒரே பிஎன்ஆர்லயும் ஒன்றரை மணி நேரத்துக்கு கம்மியா இருந்தா எடுக்காதீங்க. வயசானவங்களுக்கு ரெண்டரையிலேருந்து நாலு மணி நேரம் சரியா இருக்கும். பெரிய ஏர்போர்ட்ல டெர்மினல் மாற பஸ்ஸோ ட்ரெயினோ ஏறணும், திரும்ப செக்யூரிட்டி வரிசைல நிக்கணும், போர்டிங் கேட்ட ப்ளேன் கிளம்பறதுக்கு முன்னாடியே மூடிடுவாங்க. ஆறு மணி நேரத்துக்கு மேல போனா வேற கஷ்டம், கால் வீங்கிடும், தூக்கம் கெட்டுடும். டிசம்பர் ஜனவரில டெல்லி வழின்னா பனிமூட்டத்துக்காக இன்னும் ஒரு மணி நேரம் சேத்து வச்சுக்கோங்க. ஐரோப்பா வழியா போறவங்க ட்ரான்ஸிட் விசா வேணுமான்னு அந்தந்த நாட்டு தூதரக சைட்ல உங்க பாஸ்போர்ட்டுக்கு என்ன விதின்னு பாத்துட்டு அப்புறமா காசு கட்டுங்க, இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஒரு விதி, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஒரு விதி, கனடா விசா கைல இருந்தா அதுக்கு ஒரு விலக்குன்னு அது அடிக்கடி மாறும்.

வீல்சேர் கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க. புக் பண்றப்பவே கேக்கலாம், இல்ல கிளம்பறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி ஃபோன் பண்ணி சொல்லலாம், பெரும்பாலும் இதுக்கு தனியா காசு வாங்க மாட்டாங்க, புக் பண்றப்ப ஒரு தடவ கேட்டுக்கோங்க. எங்க அம்மா "நான் நல்லாதானடி நடக்கறேன், எனக்கெதுக்கு அதெல்லாம்"னு சண்டை போட்டாங்க, நான் "நடக்க இல்லம்மா, வழி காட்ட"ன்னு சொன்னப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. இங்கிலீஷ் தெரியாம தனியா வர்றவங்கள ஒரு கேட்டுலேருந்து இன்னொரு கேட்டு வரைக்கும் ஒருத்தர் கூடவே கூட்டிட்டு போறதுக்கு இத விட நல்ல வழி எனக்கு தெரியல.

வீட்டு வாசல்லேருந்து கூட்டிப் பாருங்க

இப்ப எல்லாத்தையும் ஒண்ணா போடலாம். அம்மாவோட கணக்கு இப்படி இருந்துச்சு. கும்பகோணத்துலேருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு கார்ல ஆறரை மணி நேரம், நடுவுல சாப்பாடு உட்பட. ஏர்போர்ட்ல மூணரை மணி நேரம் முன்னாடி. டிக்கெட்படி 21:30. டொராண்டோவுல இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் சேத்து ஒன்றரை. பியர்சன்லேருந்து 401 ஹைவேல ஸ்கார்பரோவுக்கு சாயந்திர நெரிசல்ல ஒரு மணி நேரம். மொத்தம் 34 மணி நேரம். இத முன்னாடியே சொல்லி வச்சதால வீட்ல யாரும் பதறல, 34 மணி நேரத்துக்கு தேவையான மாத்திரை, ஒரு மாத்து துணி, கொஞ்சம் இட்லி பொடி தடவின இட்லின்னு கைப்பைய அதுக்கேத்த மாதிரி தயார் பண்ணோம்.

சென்னைல ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ வசதி நல்லா இருக்கு, ஆனா வெளிநாட்டு ஃப்ளைட்டுங்க பெரும்பாலும் நடுராத்திரி, விடியக்காலைலதான், அந்த நேரத்துல மெட்ரோ ஓடாது, டாக்ஸி முன்னாடியே சொல்லி வைங்க.

ப்ளேனுக்குள்ள காத்து ரொம்ப வறண்டு இருக்கும், தாகம் எடுக்கலன்னாலும் அடிக்கடி தண்ணி குடிக்கணும். பாத்ரூம் போகணுமேன்னு பெரியவங்க தண்ணியே குடிக்காம வருவாங்க, அது ரொம்ப தப்பு, நடைபாதை பக்கத்து சீட்டா புக் பண்ணிக் குடுங்க, யாரையும் எழுப்பாம போய்ட்டு வரலாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ எழுந்து நடக்கணும், உக்காந்த இடத்துலயே கணுக்கால சுத்தணும், இல்லன்னா கால்ல ரத்தம் கட்ட வாய்ப்பிருக்கு.

குளிர்காலத்துல வர்றவங்க ஸ்வெட்டர், தடிச்ச கோட்டு பெட்டில போடாம கைலயே வச்சுக்கோங்க. திரும்பிப் போறப்ப பனி கொட்டிச்சுன்னா ப்ளேன் இறக்கைல ஒட்டின ஐஸ கரைக்க மருந்து அடிப்பாங்க, பியர்சன்ல அதுக்குன்னே ஒரு பெரிய இடம் இருக்கு, வரிசைல நின்னு அது முடிஞ்சுதான் கிளம்பும், ஜன்னல் வழியா பாத்தா கலர் கலரா தண்ணி பீச்சி அடிக்கற மாதிரி இருக்கும், பயப்பட ஒண்ணும் இல்ல, நேரம்தான் போகும்.

டொராண்டோ இறங்கினதும் முதல்ல மெஷின்ல பாஸ்போர்ட்ட வச்சு கேள்விக்கு பதில் அமுக்கணும், அப்புறம் ஆபீசர். படிக்க வர்ற பசங்களும் வேலைக்கு வர்றவங்களும் பர்மிட் வாங்க இன்னொரு வரிசைலயும் நிக்கணும், அவங்க ரெண்டு மூணு மணி நேரம்னு வச்சுக்கோங்க. சாப்பாட்டு பொருள் கொண்டு வந்தா மறைக்காம இருக்குன்னு சொல்லிடுங்க, இறைச்சி, செடி, பச்சை கறிவேப்பிலை மாதிரி விஷயங்கள எடுத்துட்டு வராம இருக்கறது நல்லது. டொராண்டோவ தாண்டி வான்கூவரோ கால்கரியோ போறவங்க முதல்ல இறங்குற பியர்சன்லதான் இமிக்ரேஷன் முடிக்கணும், அதனால அந்த உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு குறைஞ்சது மூணு மணி நேரம் விடுங்க.

கூப்பிட வர்றவங்களுக்கு ஒண்ணு. பியர்சன்ல டெர்மினல் 1, டெர்மினல் 3ன்னு ரெண்டு இருக்கு, எதுல இறங்குதுன்னு காலைலயே பாத்து வச்சுக்கோங்க. கார் இல்லாதவங்க ஏர்போர்ட்லேருந்து யூனியன் ஸ்டேஷனுக்கு யூபி எக்ஸ்பிரஸ் ட்ரெயின்ல 25 நிமிஷத்துல போகலாம். கார்ல வர்றவங்க ப்ளேன் இறங்குற நேரத்துக்கு வந்து நிக்க வேணாம், இறங்கி ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் கழிச்சுதான் வெளிய வருவாங்க. அம்மா வந்த அன்னிக்கு நான் ஆப்ல ப்ளேன் கியூபெக் மேல இருக்குறப்பவே கிளம்பிப் போய், கண்ணாடி கதவுக்கு முன்னாடி ரெண்டேகால் மணி நேரம் நின்னேன். வீல்சேர்ல வந்தாங்க, கைல அட்டை, கடிகாரத்துல மணி மூணே கால், "ஏன்டி, பால்காரன் இன்னேரம் எந்திரிச்சிருப்பானே, அவனுக்கு ஒரு வாரம் பால் வேணாம்னு சொல்லவே மறந்துட்டேன்"னாங்க.